நாற்பது நாள் தீவு

பாளையங்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து மூன்று. சிரிக்காதீர்கள், எங்கள் பதிப்பகத்தில் அப்படித்தான்.

குரு நஸ்ரின், எங்கள் எடிட்டர். சீடர் முத்துமாலை அண்ணாச்சி. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளந்துவிட்டு, ரிட்டையர் ஆன மறுநாளே மாயாஜால நாவல் எழுத உட்கார்ந்தவர். ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று நஸ்ரின்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் குருவம்மா என்று கூப்பிடுவார். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். போகப்போகக் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

நான் செல்லக்கனி. கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைக்கிறவள். என் மேஜை அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் என்பதால் பேசுவதெல்லாம் காதில் விழும். விழாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

அண்ணாச்சியின் நாவல் 'உப்பரசி'. மொத்தம் ஐந்து பாகம் எழுதுவதாகத் திட்டம். முதல் பாகத்தில் வீரர்கள் திருக்கை மீன் மேல் ஏறி வானத்தில் பறந்து சண்டை போடுவார்கள். ஜனங்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் கோட்டை விழும். மூன்றாம் பாகத்தில் உப்பரசிக்குக் காய்ச்சல் கண்டு, ஆற்று வெள்ளத்தில் ஒரு தீவில் மாட்டிக்கொள்வாள். துணைக்கு ஓதன் என்கிற படகுக்காரன் மட்டும். அவன் படகும் வெள்ளத்தோடு போயிருக்கும்.

அங்கே நாற்பது நாள் கிடப்பார்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம். மழை பெய்யும். ஓதன் கஞ்சி ஆற்றிக் கொடுப்பான். அவள் பாதி குடிப்பாள். ஏதாவது படகு வருகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்பதாம் நாள் படகு வரும்.

வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் இணையப் பக்கத்தில் எழுதித் தள்ளிவிட்டார்கள். திருக்கையெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவர். கஞ்சி குடிக்கவா இருநூறு பக்கம் என்று இன்னொருவர். நடுப்பாகம் என்றால் நடுவிலே தூங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தமா என்று ஒரு புண்ணியவான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அண்ணாச்சி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பாராட்டு வேண்டாம், புகாரை மட்டும் அச்செடுத்துக் கொடு என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பாகத்தின் இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கையில் ஒரு பெரிய சுருளோடு மாடியேறி வந்தார்.

"குருவம்மா, தீவை எடுத்துருவோம்" என்றார்.

சுருளை மேஜையில் விரித்தார். பார்த்ததும் எனக்குக் கிறுகிறுத்துவிட்டது. நிலத்துக்கு வரைகிற மாதிரி புத்தகத்துக்கு ஒரு வரைபடம் போட்டிருந்தார். அத்தியாயத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு எண். எந்த அத்தியாயத்தைப் பற்றிப் புகாரோ அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தீவுப் பகுதி அம்மை போட்ட உடம்பு மாதிரி கிடந்தது. அங்கே மட்டும் அறுபத்தொரு புள்ளி.

இத்தனை பேர் மனுக் கொடுத்த பிறகு எல்லைக் கல்லை மாற்றி நடுவதுதான் நியாயம் என்றார். உப்பரசிக்குக் காய்ச்சல் கண்டது, நாற்பது நாள் கழிந்தது, படகு வந்தது. மூன்றே வரி. அதைக் கையோடு எழுதியும் கொண்டுவந்திருந்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் இருக்கிறது. அந்த நாற்பது அத்தியாயமும் டைப் அடிக்க என்னிடம் வந்தது ஆஸ்பத்திரிச் சீட்டுகளில். முன்பக்கம் அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினியின் ரத்தப் பரிசோதனை முடிவு, பின்பக்கம் ஓதன் கஞ்சி ஆற்றுவது. மூன்று மாதம் அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினார். மதினி வீடு திரும்பவில்லை. அதைப் பற்றி அவரும் இங்கே பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இப்போது கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன். நஸ்ரின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தீவுக்கு முன்னால் திருக்கைகளின் வம்சாவளி என்று பன்னிரண்டு பக்கம் இருந்தது. முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். ஒன்பது புள்ளி. இந்தப் புகார் சத்தியமான புகார், எடுத்துவிடலாம் என்றாள். அண்ணாச்சியும் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கும் நிம்மதிதான், அதை இரண்டு தரம் பிழை திருத்தினவள் நான்.

அப்புறம் விரல் தீவுக்கு வந்தது. முதல் நாள் கட்டத்தில் தொடங்கி மெதுவாக நகர்ந்தது. மற்றப் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் ஒரு வரிசை மட்டும் நாளுக்கு ஒன்றாக, ஒரு நாள் விடாமல் ஓடியது.

"அண்ணாச்சி, மனு கொடுக்க வாற ஜனம் இப்படி வரிசையா, நாளுக்கு ஒண்ணுன்னு வருமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"வராது" என்றார். "ஒரே ஆளு நட்ட கல்லு மாதிரில்லா இருக்கு."

"யாரு அது?"

அவருக்குத் தெரியவில்லை. மனுக் கொடுத்தவன் பெயரை அளந்து முடிக்கும் வரை பார்க்கக் கூடாது என்பது அவர் சர்வீஸ் முழுக்கக் கட்டிக் காத்த சுத்தம். பெயர் தெரிந்தால் சொந்தம், பகை என்று கை கோணும் என்பார். அதனால் நான் கொடுத்த தாள்களில் பெயர் இருந்த ஓரத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்துவிட்டுத்தான் படிக்கவே உட்கார்ந்திருக்கிறார். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பெயரோடு இன்னொரு தரம் அச்செடுக்கச் சொன்னாள் நஸ்ரின். எடுத்தேன். அமலோற்பவம், தூத்துக்குடி. அந்த ஒரு பெயரில் முப்பத்தொன்பது. அச்செடுத்துக் கொடுத்தவள் நான்தான், நானும் கவனிக்கவில்லை.

வாசிக்கச் சொன்னாள். அண்ணாச்சி தாலுகா ஆபீஸில் மனு வாசிக்கிற குரலிலேயே வாசித்தார்.

"ஏழாம் நாள். இன்னும் தீவில்தான்."

"பதினொன்றாம் நாள். மழை விடவில்லை. அதே கஞ்சி."

"இருபத்து மூன்றாம் நாள். இன்றும் பாதிதான் குடித்தாள்."

"முப்பத்தொன்பதாம் நாள். படகு எப்போதுதான் வரும்?"

பாவம், சலித்துப் போயிருக்கிறார்கள், யாராக இருந்தாலும் சலிக்கத்தானே செய்யும் என்றார்.

நாற்பதாம் நாளுக்கு எழுதவில்லையா என்று நஸ்ரின் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். எழுதியிருந்தார்கள். நான்தான் எடுக்கவில்லை. 'நன்றி' என்று ஆரம்பித்ததால் பாராட்டுப் பக்கம் தள்ளி, மேற்கொண்டு படிக்காமலே விட்டிருந்தேன். வெட்கத்தோடு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நன்றி ஐயா. நாற்பதாம் நாள், படகு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தினமும் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். அடுத்ததையும் வாசி என்பார். நமக்கும் ஒரு நாள்தானே போயிருக்கு, நாளைக்குப் பார்ப்போம் என்பேன். இன்று காலை அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்."

கடைசி வரிக்கு வரும்போது அது மனு வாசிக்கிற குரலாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"இவங்களுக்குப் படகு வந்துட்டும்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. நஸ்ரின் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். மதினி பெயரை அவளும் எடுக்கவில்லை.

பாதி பாட்டில் குடித்த பிறகு, தீவு அப்படியே இருக்கட்டும், வம்சாவளியை மட்டும் எடுத்துவிடு கனி என்று என்னிடம் சொன்னார். எழுதிக்கொண்டு வந்த மூன்று வரியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சர்வேயர் அல்லவா, அதோடு விடவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"மிச்சம் இருபத்திரண்டு புள்ளி இருக்கே, குருவம்மா. அவங்களும் மெனக்கெட்டு வாசிச்சுத்தான எழுதுனாங்க. அவங்க சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல, அண்ணாச்சி" என்றாள் நஸ்ரின். "அவங்க வாசிச்சப்போ வீட்ல எல்லாரும் சுகமா இருந்திருப்பாங்க. சுகமாவே இருக்கட்டும்."