சுரைக்காயும் சுயம்வரமும்

கேளுங்கள். மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், அணிமார்பன் என்றோர் இளவரசன் இருந்தான். கையில் வில், கழுத்தில் மாலை, காதில் குண்டலம், முகத்தில் முறுக்கிவிட்ட மீசை. எதையும் கழற்றாமல்தான் அம்பு விடுவான்.

பக்கத்து நாட்டு அரசர் அழிசி ஒரு சுரைக்காயைக் கயிற்றில் கட்டி ஆடவிட்டார். "முரசு ஓய்வதற்குள் மூன்று அம்புகள். அடிப்பவருக்கு என் மகள்" என்றார்.

மகள் பூங்கணிமேல் அணிமார்பனுக்கு உயிர். வந்த இளவரசர்கள் எல்லாரும் தவறவிட்டார்கள். அவன்தான் கடைசி.

முரசு முழங்கியது. முதல் அம்பு விட்டான். நாண் மாலையில் சிக்கியது. அம்பு பந்தலில் பாய, பூக்கள் முரசு அடிப்பவன் தலையில் கொட்டின. பூங்கணி சிரித்தாள்.

இரண்டாம் அம்பு. நாணைக் காதுவரை இழுத்தான். காதுவரை இழுத்த வீரர்களைப் புலவர்கள் நிறையப் பாடியிருக்கிறார்கள். அந்தக் காதில் என்ன தொங்கியது என்றுதான் எவரும் எழுதுவதில்லை. குண்டலம் பறந்து சுரைக்காயின் அடியில் விழுந்தது. பாதி மீசையும் நாணோடு போயிற்று. பூங்கணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் அம்பு. நகையெல்லாம் கழற்றினான், மேலாடையை இறுக்கிக் கட்டினான், நாணை இழுத்தான். இப்போது நாணில் எதுவும் சிக்கவில்லை. குறியும் தப்பாது.

அந்த நேரம் பார்த்து, "அடடா, என்ன வேலைப்பாடு" என்றபடி அழிசி குண்டலத்தைப் பொறுக்கக் குனிந்தார்.

முரசு தளர்ந்துகொண்டிருந்தது. "விடுங்கள் இளவரசே, அரசர் குனிந்துதானே இருக்கிறார்" என்றார் அழிசியின் அமைச்சர்.

"நிமிர்ந்தால்?" என்றான் அணிமார்பன். நாணை மெல்லத் தளர்த்தினான், அம்பை எடுத்துத் தரையை நோக்கிப் பிடித்தான். முரசு ஓய்ந்தது. பூங்கணி இம்முறை சிரிக்கவில்லை.

"தோற்றீர்கள். விதி விதிதான்" என்றார் அமைச்சர்.

அழிசி நிமிர்ந்தார். சுரைக்காய் அவர் நெற்றியில் ணங்கென்று இடித்தது. அம்பு வந்திருக்க வேண்டிய இடம் எதுவென்று அவருக்கு அப்போது விளங்கிற்று.

"அமைச்சரே, விதியைப் போட்டவன் நான். இந்தத் தலையும் என்னுடையதுதான்" என்று நெற்றியைத் தடவிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"மீசை வளர்ந்துவிடும் அப்பா. இவரே போதும்" என்றாள் பூங்கணி.

ஆகவே, நாணை இழுக்கத் தெரிந்தவனைவிட, எதிரில் ஆள் நிற்கும்போது அதைத் தளர்த்தத் தெரிந்தவனே நல்ல வில்லாளி.