கலைக்கூடத்தில் காலி நாற்காலி இல்லை

மருதங்குடிக் கல்லூரியில் புதிதாகக் கலைக்கூடம் கட்டினார்கள். கீழே அருங்காட்சியகம், மாடியில் நாடக அரங்கம். இரண்டையும் பார்த்துக்கொள்ள ஊரெல்லாம் சலித்து மூன்று மேதைகளைப் பிடித்து வந்தார்கள்: செங்கோடன், மாசிலான், தொப்புளான். வேலைதான் தற்காலிகம், அறிவு எப்போதும் ஒரே நிலையில் இருந்தது.

கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருவதாக இருந்தது. நல்ல தரம் கிடைத்தால் மூவரையும் நிரந்தரமாக்குவதாக முதல்வர் பரிமளம் அம்மா வாக்களித்தார். அதற்கு ஒரே ஒரு வேலைதான் சொன்னார்.

"பத்து மணிக்குக் குழு வரும்போது அரங்கத்துல ஒரு நாற்காலிகூடக் காலியா இருக்கக் கூடாது."

ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் நாற்பது நாற்காலியும் காலி. மாணவர்களை நம்பிப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள முடியாது, கீழே சும்மா இருப்பவர்களை ஏற்றிவிடுவோம் என்றான் தொப்புளான். கீழே சும்மா இருந்தவை சிலைகள்.

"உட்கார்ந்த சிலை சரி. நிக்கிற சிலைய எப்படி உட்கார வைக்கிறது?" என்று கேட்டான் மாசிலான்.

செங்கோடன் நெடுநேரம் யோசித்தான். "படுக்கப் போடுவோம். ஒரே சிலையில மூணு நாற்காலி நிறையும்."

இப்படியும் மனிதனுக்கு மூளை இருக்குமா என்று மற்ற இருவரும் வியந்தார்கள். இடுப்பொடியத் தூக்கினார்கள். பாடம் செய்த கரடிக்கு முதல் வரிசை; முதுமக்கள் தாழிகளுக்குப் பின்வரிசை.

ஒன்பதே முக்காலுக்கு மாணவர்கள் வந்தார்கள். இடமில்லை என்று செங்கோடன் வாசலிலேயே மறித்தான். கல்வியில் நாட்டமுள்ள பிள்ளைகள், மறுபேச்சுப் பேசாமல் சினிமாவுக்குப் போய்விட்டார்கள்.

பத்து மணிக்குக் குழு வந்தது. அருங்காட்சியகம் துடைத்துவிட்டது போல இருந்தது. கால் வலித்த குழுத் தலைவர் ஒரு காலிப் பீடத்தில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே, 'காலம் தெரியவில்லை. மூக்கு சிதைந்துள்ளது' என்று எழுதியிருந்தது. உறுப்பினர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மாடிக்கு ஓடிய பரிமளம் அம்மா கரடியைப் பார்த்தார். அரங்கத்தில் நின்ற மூவரும் பின்தொடரக் கீழே இறங்கி வந்தார். மூவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இனிமே என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

மூவரும் பணிவோடு அவர் முதுகுப் பக்கம் போய் நின்றார்கள். அவர் திரும்பினார், அவர்களும் சுற்றிக்கொண்டு ஓடிப் பின்னால் நின்றார்கள். அவர் இடப்பக்கம் சுழன்றார், அவர்களும் சுழன்றார்கள். வேகம் கூடிக்கொண்டே போயிற்று.

பீடத்தில் இருந்த தலைவர் கைதட்டி, இன்னொரு தடவை ஆடச் சொன்னார்.