சோலைக்கொம்பைச் சேற்றுக்கு எந்த டயர்?

மேகம் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு கன்னியர் மடம். மடத்தை ஒட்டிச் சின்னதாய் ஒரு மருத்துவமனை. அங்கே சிஸ்டர் அமலி என்ற இளம் கன்னியாஸ்திரீ இருந்தார். அவருக்கு மருத்துவம் தெரியாது. சைக்கிள் தெரியும்.

மடத்துக்கு மேலே, காட்டுக்குள், சோலைக்கொம்பை என்ற சிற்றூர். ஜீப் போகாது. ஒற்றையடிப் பாதைதான். அதற்காகவே மடத்தில் பேட்டரியில் ஓடும் மலைச் சைக்கிள்கள் இரண்டு இருந்தன. நாம் மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து மிதிக்கும். புதிதாக வரும் நர்ஸுக்கு அந்தப் பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பது சிஸ்டர் அமலியின் பொறுப்பு.

அந்த வருடம் வந்த நர்ஸ் சுகந்தி. சிஸ்டரைவிட வயதில் மூத்தவள். வெகுகாலம் காத்திருந்து பெற்ற பெண்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். சிஸ்டர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வெயில் இருந்தவரை சுகந்தி நன்றாகவே ஓட்டினாள். முதல் மழையன்று முன்சக்கரம் சேற்றில் விலகிப்போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. எழுந்திருக்கும்போது அதை எட்டிப் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சைக்கிள் மடத்து வாசலைத் தாண்டவில்லை.

சோலைக்கொம்பையில் மாதி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. எடை குறைவு. வியாழக்கிழமை நர்ஸ் மேலே போய்ப் பார்க்க வேண்டும். நர்ஸ் வராவிட்டால் மாதி பச்சை உடம்போடு, பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு, மழையில் அந்தப் பாதையிலேயே இறங்கி வருவாள். சுகந்திக்கு அது நன்றாகத் தெரியும்.

டவுன் கடையிலிருந்து மூன்று வகை டயர்கள் வந்திருந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். செவ்வாய்க்கிழமை மதியம் சுகந்தி அவற்றை முற்றத்தில் படுக்கப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒன்று ஏறக்குறைய வழுவழுப்பு. தார் ரோட்டுக்கு ஆகும். அதை ஓரமாகத் தள்ளினாள். இரண்டாவதில் ரப்பர் பட்டன்கள் பலாப்பழத்துத் தோல்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்றாவதில் பட்டன்கள் உயரம். ஆனால் நடுநடுவே பெரிய பெரிய சந்து.

"இதுதான் சிஸ்டர்." பலாப்பழ டயரைத் தூக்கிக் காட்டினாள். "எத்தனை பட்டன் பாருங்க. இத்தனையும் சேர்ந்து பிடிச்சா எங்கே வழுக்கும்?"

"அந்த இன்னொண்ணு?"

"அதுல பாதிப் பல்லு விழுந்து கிடக்கு."

சிஸ்டர் மடத்துப் பிள்ளைகள் விடுதிக்குள் போனார். பிள்ளைகளிடமிருந்து இரண்டு சீப்புகள் வாங்கிவந்தார்.

"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் சீப்பு? முக்காட்டுக்குள்ள சீவுறதுக்கு என்ன இருக்கு?"

"பண்ணுங்க, பண்ணுங்க. நல்லா கிண்டல் பண்ணுங்க."

ஒன்று பேன்சீப்பு. இன்னொன்று அகலப் பல் வைத்த சாதாரணச் சீப்பு. சிஸ்டர் குனிந்து, தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சேற்றில் பேன்சீப்பை அழுத்தி இழுத்தார்.

"ஐயையோ, பிள்ளைங்க சீப்பு!"

"கழுவிக் குடுத்துடலாம்."

முதல் இழுப்பிலேயே பல்லுக்குப் பல் மண் அடைத்துக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் சீப்பு வெறும் பலகையாகச் சேற்றின் மேல் சறுக்கியது. சிஸ்டர் அகலப் பல் சீப்பை இழுத்தார். கோடு விழுந்தது. உதறினார். மண் போய்விட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி கோடு விழுந்தது.

சுகந்தி கையிலிருந்த டயரைக் கீழே வைத்தாள்.

"பிடிக்கிறது பட்டன்தானே சிஸ்டர்?"

"ஆமா."

"அப்போ சந்து எதுக்கு?"

"அடுத்த தடவை பிடிக்கிறதுக்கு."

சுகந்தி மூன்றாவது டயரை மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். அதிலும் இரண்டு தினுசு வந்திருந்தது. ஒன்றில் ரப்பர் மெத்தென்று இருந்தது, மற்றதில் கெட்டியாக.

"ரெண்டு சக்கரத்துக்கும் மெத்துனு இருக்கிறதையே போட்டுடலாமா? அதுதானே நல்லா ஒட்டுது?"

"பின்னால கெட்டியானது இருக்கட்டும். மோட்டார் மொத்த பலத்தையும் அதுலதான் காட்டும். மெத்துனு இருந்தா ஒரே மழைக்காலத்துல தேஞ்சுடும்."

"முன்னால?"

"ஈர வேரு, பாறை எல்லாத்தையும் மொதல்ல தொடறது முன்சக்கரம். அது மெத்துனுதான் இருக்கணும்."

"மொதல்ல போறதுதானே சிஸ்டர் மொதல்ல அடி வாங்கும்? அதைப்போய் மெத்துனு வைக்கச் சொல்றீங்க."

"வேற எது அக்கா வேரைத் தெரிஞ்சுக்கும்?"

அன்று சாயங்காலமே டயர்களை மாட்டினார்கள். சிஸ்டர் காற்று அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜெபத்துக்குப் போனார்.

வியாழக்கிழமை விடிந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. சுகந்தி மருந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். சிஸ்டர் பின்னால் வந்தார். வாசலைத் தாண்டி முதல் மேடு.

சக்கரம் வழுக்கியது. சுகந்தி காலை ஊன்றினாள்.

மறுபடி ஏறினாள். மறுபடி வழுக்கியது.

மூன்றாவது முறை ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டு சைக்கிள் குறுக்கே விழுந்தது. அவள் நின்றபடியே அதைப் பார்த்தாள். தூக்கவில்லை.

"டயரை மாத்தியாச்சு. சீப்பெல்லாம் காட்டியாச்சு. என்ன பிரயோஜனம்?"

சிஸ்டர் தன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்தார்.

"உங்களுக்கென்ன சிஸ்டர். விழுந்தா எழுந்து தட்டிவிட்டுட்டுப் போயிடுவீங்க. நான் விழுந்து கிடந்தா, வீட்டுல ஒருத்தி பாலுக்கு அழுதுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா. அது உங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்."

"இல்லக்கா. எனக்குத் தெரியாதுதான்."

சிஸ்டர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரை அழுத்தினார். கட்டைவிரல் இறங்கவில்லை. விரல் முட்டியால் தட்டினார். கதவைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது.

"அக்கா, இதுக்கு யாரு காத்து அடிச்சா?"

"நான்தான். காலையில வந்ததும். அன்னைக்கு நீங்க பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்களா, ஜெப அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"எவ்வளவு அடிச்சீங்க?"

"பம்பு அதுக்கு மேல இறங்கல."

"முன்னாடி விழுந்தீங்களே, அன்னைக்கு?"

"அன்னைக்கு மழைன்னு..." சுகந்தியின் குரல் இறங்கியது. "இருக்கட்டுமேன்னு கூடக் கொஞ்சம் அடிச்சேன்."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறவரு. டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் பத்திரம்னு தினமும் சொல்லுவாரு."

"ரோட்டுல அவரு சொல்றது சரி. இங்க கீழே இருக்கிறதும் கல்லு. ஈரக் கல்லு மேல கல்லு நிக்குமா?"

சிஸ்டர் வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. சுகந்தி தன் கையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல் பதறினாள்.

"போதும் சிஸ்டர்."

"இன்னும் கொஞ்சம்."

"ஐயோ, போதும். எல்லாம் போகுது."

சிஸ்டர் நிறுத்தினார். பின்சக்கரத்திலும் கொஞ்சம் இறக்கினார். "இப்போ நீங்க தொட்டுப் பாருங்க."

சுகந்தி தொட்டாள். விரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கி, நின்றது.

"பால் குடிச்ச பிள்ளை வயிறு மாதிரி இருக்கு," என்றாள்.

"அதுவும் எனக்குத் தெரியாது. ஆனா அளவு அதுதான். ஞாபகம் வச்சுக்கோங்க."

சுகந்தி ஏறி உட்கார்ந்தாள். மோட்டாரைக் குறைத்து வைக்கச் சொன்னார் சிஸ்டர். ஒரேயடியாகத் தள்ளினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

முதல் மேட்டில் சக்கரம் வழுக்கத்தான் செய்தது. ஒரு விரற்கடை தள்ளிப் போய், சேற்றுக்கு அடியில் எதையோ பிடித்துக்கொண்டது. சைக்கிள் நகர்ந்தது. மறுபடி வழுக்கியது. மறுபடி பிடித்தது. பட்டன்களின் சந்திலிருந்து மண் உருண்டை உருண்டையாகப் பின்னால் தெறித்தது.

"நல்லா உதறுதுக்கா!" பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "எல்லாம் என் மூஞ்சியிலதான்!"

சுகந்தி சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பள்ளம் வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்து நின்றாள்.

"அதைப் பார்க்காதீங்கன்னு சொல்லப் போறீங்க."

"பள்ளம் இருக்கே அக்கா. பார்க்காம எப்படிப் போறது?"

சுகந்தி பள்ளத்தைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருந்தது. மெதுவாக மிதித்தாள்.

சோலைக்கொம்பையில் மாதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைத் துணியால் மார்போடு சுற்றியிருந்தாள். கையில் குடை.

"எங்கே கிளம்பிட்டே?" என்றாள் சுகந்தி.

"நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாங்க நர்ஸம்மா. விழுந்துட்டீங்களாமே. அதான் நானே இறங்கிடலாம்னு."

"உள்ளே போ. காலைத் துடை. பிள்ளையைக் குடு."

பையிலிருந்து எடுத்துக் கட்டிய தராசுத் தொட்டிலில் போட்டதும் குழந்தை முகம் சுளித்து வீரிட்டது. சுகந்தி முள்ளைப் பார்த்தாள். ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். எடை ஏறியிருந்தது.

"தேறிட்டான்."

மாதிக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"இவன் தூங்குறப்போ மூக்குல விரலை வச்சு வச்சுப் பார்க்கிறேன் நர்ஸம்மா. மூச்சு வருதான்னு. என் மாமியா என்னைப் பைத்தியம்னு சொல்லுது."

"நானும் பார்ப்பேன்."

"நீங்களுமா? நர்ஸுக்குப் படிச்சவங்க!"

"படிச்சதாலதான் கூட ரெண்டு தடவை."

"உங்க பாப்பா வளந்திருக்குமே. இன்னுமா?"

"நேத்துகூட."

மாதி சிரித்தாள். அடுப்பங்கரையிலிருந்து அவள் மாமியாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கட்டன் காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. ஏறி வந்த பாதை இப்போது ஓடைபோல ஓடிக்கொண்டிருந்தது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று சுகந்திக்குச் சிஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஹெல்மெட்டின் வாரை மாட்டப் போனாள். மாட்ட வரவில்லை. இரண்டு கைகளையும் சிஸ்டர் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க. ஏறி வந்துட்டேன். பிள்ளையையும் பார்த்துட்டேன். பயம் இன்னும் போகல."

சிஸ்டர் அந்த வாரை மாட்டிவிட்டார்.

"இது எப்பத்தான் முழுசா போகும் சிஸ்டர்?"

சிஸ்டர் இறங்குவதற்கு முன் சைக்கிளைச் சரிபார்க்கக் குனிந்தார். முன்சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் கொஞ்சம் இறங்கி நின்றது. எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"முழுசா போகவேண்டாம்க்கா. முழுசா போயிட்டா வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."