மணல்மேட்டுக்கு அந்தப்புறம்

கருவேலங்காட்டில் சடச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கடல் என்று ஒன்று இருப்பதாகக் கொக்குகள் பேசிக்கொள்வதைக் கேட்டதிலிருந்து, அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த வருஷம் காட்டுக்கு ரயில் வந்தது. மலையடிவாரம், அருவி, ஏரி, கடற்கரை என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும் வண்டி. சீட்டுக் கொடுத்தது ஒரு நாரை. கடற்கரைக்குப் போய்வர ஒரு பிடி கிழங்கு போதும் என்றது. மழைக்காலத்துக்குச் சேர்த்த கிழங்கில் பாதியைக் கொடுத்தால் பாஸ் தருமாம். கோடை முடியும்வரை எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

பக்கத்துப் புதர் முயல் கூத்தன் முதல் ஆளாகப் பாஸ் வாங்கிவிட்டான். சடச்சிக்கும் மனசு அலைபாய்ந்தது. பாதிக் கிழங்கு போனால் அடைமழையில் பட்டினிதான். வளைக்குள் உட்கார்ந்து யோசித்தாள். மலைக்குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அருவிமேல் அவ்வளவாக ஆசையில்லை. கடல் என்று நினைத்தபோது மட்டும் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் கடற்கரைக்கு மட்டும் சீட்டு வாங்கினாள்.

வண்டிக்குள் கூத்தன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். எங்கெல்லாம் இறங்கினாய் என்று கேட்டாள். ஒரு இடத்திலும் இறங்கவில்லையாம்.

"இறங்கினா அடுத்த வண்டி வரைக்கும் சும்மா நிக்கணும் அக்கா. குடுத்த கிழங்குக்கு ஈடா சுத்த வேணாமா?"

கடற்கரை நிலையம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மணல்மேடுதான். இங்கே ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கிறேனே என்றான் கூத்தன். சடச்சி இறங்கிவிட்டாள்.

மேட்டின்மேல் ஏறியவள் அப்படியே நின்றாள். எதிரே கரை இல்லை. வானம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அலை எழுந்து, மடங்கி, உடைந்து அவள் காலடி மணலை அதிரவைத்தது. இத்தனை பெரியது ஒன்று இத்தனை நாளும் தன்னைக் கேட்காமலே மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறதே என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

வண்டி ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தது. சடச்சி முள் சிலிர்த்தபடி மேட்டிலேயே நிற்பதைக் கூத்தன் ஜன்னல் வழியாகக் கண்டான். கூப்பிட்டுப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, குதித்து இறங்கி ஓடினான்.

"அக்கா, என்ன ஆச்சு?"

அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

கூத்தன் பார்த்தான். அவன் நீண்ட காதுகள் மெல்லத் தாழ்ந்தன. பின்னால் வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. அவன் திரும்பவே இல்லை.

"இது எப்பவுமே இங்கதான் இருந்துதா அக்கா?"

"ஆமா தம்பி."

எத்தனை இடம் போகலாம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் இறங்க ஆசை என்று மனசைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.