பந்தியில் தீக்கோளம்

ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டில் மேனேஜர் தணிகாசலம்தான் மந்திரவாதி. எத்தனை அரக்கர்கள் வந்தாலும் ஒரே தீக்கோளத்தில் சாம்பலாக்கிவிடுவார். கூட ஆடுகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். அன்று சண்டைகளை அமைத்துக் கதை நடத்தும் முறை, ஆபீசுக்குப் புதிதாக வந்த அஞ்சுகத்துக்கு.

"என் தீக்கோளத்தைத் தாங்குற சண்டை ஒண்ணு வெச்சுக் காட்டும்மா, பார்ப்போம்!" என்றார் மேனேஜர்.

"சரி சார். அரக்கர் வீட்டுக் கல்யாணம். உங்க ஆளுங்க எல்லாரும் பந்தியில உட்கார்ந்தாச்சு. ஒவ்வொருத்தர் பக்கத்து இலையிலயும் ஒரு அரக்கன். பாயசம் வந்ததும் எல்லா அரக்கனும் கத்தியை உருவுறான்."

"தீக்கோளம்!" என்று கையை ஓங்கினார் மேனேஜர்.

"ஐயோ சார், நாங்களும் சேர்ந்து வெந்துடுவோம்!" என்று மேஜையே அலறியது.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மற்றவர்கள் ஆசை தீரப் பகடை உருட்டி, வாள் வீசி, அவரவர் அரக்கனைச் சாய்த்தார்கள். மேனேஜர் பக்கத்து இலைக்காரன் மட்டும் மிச்சம்.

"யாராவது வந்து இவனைப் பிடிங்கப்பா!" என்றார் மேனேஜர்.