துண்டு போர்த்திய ஃபேன்

கொண்டல் ஃபேன் கம்பெனி முதலாளி வரதராஜலு ஆசிரமத்துக்கு வந்தபோது கையில் மூன்று ரிப்போர்ட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தலையணை தடிமன்.

பூரணி அம்மா அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா என்றதும் வயதானவர் என்று நினைத்துவிட வேண்டாம். வரதராஜலுவைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. ஊரில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுகிற முதலாளி, இங்கே மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார்.

"கல்யாணச் சீர்ல கொண்டல் ஃபேன் இல்லைன்னா சம்பந்தி மூஞ்சியைத் திருப்பிக்குவாங்கம்மா. அப்படி இருந்த கம்பெனிங்க. இப்பக் கடைக்காரனே எங்க பெட்டியை உள்ளே ஒளிச்சு வைக்கிறான். வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங். ஏன் விழுந்தோம்னு நான் பதில் சொல்லலைன்னா ஃபேக்டரியைப் பூட்டிடுவாங்க. எங்கப்பா கட்டினதுங்க."



"ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

"ஒண்ணு மார்க்கெட் சரியில்லைங்குது. ஒண்ணு விளம்பரம் பத்தலைங்குது. மூணாவது, பெட்டி மேல இருக்கிற படத்தை மாத்தச் சொல்லுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, உங்க ஆபீஸ்ல கொண்டல் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருக்கிறது யாரு?"

வரதராஜலு யோசித்தார். அவர் அறையில் ஏசி. மேனேஜர்கள் அறையில் ஏசி. மீட்டிங் ஹாலில் இரண்டு ஏசி. ஃபேன் செய்து விற்கிறவருக்கு, சொந்த ஆபீசில் ஃபேன் எங்கே சுற்றுகிறது என்று தெரியவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"வாட்ச்மேன் ரூம்ல ஒண்ணு மாட்டியிருக்குங்கம்மா."

"நாளைக்கு மத்தியானம் அங்க போய் ஒரு மணி நேரம் உட்காருங்க. கார் வேண்டாம். நடந்து போங்க."

மறுநாள் புதன்கிழமை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முதலாளி வேர்க்க விறுவிறுக்க கேட்டுக்கு நடந்து வந்தார். வாட்ச்மேன் பழனியாண்டி அவரைப் பார்த்ததும் அலறியடித்து எழுந்து, தோள் துண்டை உருவி மேசைமேல் எதையோ மூடினார். மூடினது சும்மா இருந்தால்தானே? துண்டு உப்பிக்கொண்டு படபடவென்று அடித்தது.

வரதராஜலு துண்டை இழுத்தார். உள்ளே வேறு கம்பெனி டேபிள் ஃபேன் ஒன்று ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் கொண்டல் ஃபேனும் சுற்றத்தான் செய்தது. அதில் காத்து மட்டும் இல்லை.

வியாழக்கிழமை காலையிலேயே அதே ரிப்போர்ட்டுகளோடு ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

"ஆறு வருஷமா இது நடக்குதுங்கம்மா! என் கார் ஹாரன் கேட்டா துண்டைப் போட்டு மூடணும்னு ஜி.எம்.மே சொல்லி வச்சிருக்கார். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை."

"வாட்ச்மேன் என்ன சொன்னார்?"

"'மேல ஓடுறதுல காத்து வரலீங்க ஐயா, மோட்டார்ல செம்புக் கம்பியைக் குறைச்சதுல இருந்தே இப்படித்தானுங்க, குடோன் மேடம்தான் அன்னைக்கே சொன்னாங்களே'ன்னார்."

"யாரு குடோன் மேடம்?"

வரதராஜலு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெயரைச் சொல்லவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"திலகவதி. எங்க டிசைன் இன்ஜினீயர். செலவு மிச்சமாகும்னு கம்பியைக் குறைக்கச் சொன்னது நான்தான். கம்பியைக் குறைச்சா ஃபேன் வெறும் அலங்காரத்துக்குத்தான் சுத்தும்னு மீட்டிங்ல எழுந்து சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்திருச்சு. 'எங்கப்பா கம்பெனியை எனக்கே சொல்லித் தர்றீங்களா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டு, குடோன்ல பெட்டி எண்ணப் போட்டுட்டேன்."

"அதுக்கப்புறம் யாராவது எழுந்து பேசினாங்களா?"

"இல்லைங்கம்மா. நான் எது சொன்னாலும் கை தட்டினாங்க."

 வரதராஜலு சட்டென்று நிமிர்ந்தார்.

"அந்த ஜி.எம்.மை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

"வாட்ச்மேனை என்ன பண்ணினீங்க?"



"அந்த ஆத்திரத்துல... 'என் வாசல்லயே உட்கார்ந்துக்கிட்டு என் மானத்தை வாங்குறியா, வேலைக்கு வராதே'ன்னு அனுப்பிட்டேன்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையில் வைத்திருந்த ரிப்போர்ட்டுகளை மெல்லத் தரையில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"இனிமே கம்பெனி பிழைக்குமாம்மா?"

"திலகவதி இன்னும் குடோன்லதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"பழனியாண்டி வீடு தெரியுமா?"

"தெரியும். சிங்காநல்லூர்லதான்."

"மீட்டிங் என்னைக்கு?"

"நாளைக்குங்கம்மா."

"அப்புறம் இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"