சொல்லத் தகாதன

நியாயாதிபதி திருமேனிக்கு அறுபது வயது. அவருடைய குரு சடைச்சியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. வழக்கில் குழப்பம் வந்தால் ஊர்க்கோடியில் இருந்த அம்மையின் குடிசைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அன்றும் போனார்.

"அம்மா, பேச்சுக்கு எல்லை எது?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "யாரைத் தண்டிக்கப் போறீங்க?"

"அன்னக்கொடின்னு ஒருத்தி. உப்பு விக்கிறவ. சந்தையில நின்னு அரசரைப் பத்தி என்னவோ பேசிட்டா. ஊர் அமைதி கெட்டுப்போச்சுன்னு அரண்மனை வழக்குப் போட்டிருக்கு. நாளைக்குத் தீர்ப்பு. குற்றம்னு சொன்னா நாக்குல சூடு போட்டு நாடு கடத்திடுவாங்க."

"இதுக்கு முன்னாடி நீங்க எல்லை போட்டதே இல்லையா?"

"போட்டிருக்கேன். போன தை மாசம் ஒருத்தன், 'அந்த வீட்டைக் கொளுத்துங்கடா'ன்னு கத்தினான். எதிர்ல நின்ன கூட்டத்துக் கையில தீப்பந்தம். அவனைத் தண்டிச்சேன். தப்பா அம்மா?"

"தப்பில்லை. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அவன் என்ன கத்தினான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தெருவுலதான் நின்னேன். என் காதால கேட்டேன்."

"சரி. இவ என்ன சொன்னா?"

"ஓலையில அது இல்லை அம்மா."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசரைக் குறை சொல்லும் பேச்சை ஓலையில் எழுத மாட்டார்கள். எழுதினால் எழுதியவனும் குற்றவாளி, படித்தால் படித்தவனும் குற்றவாளி. ஆகவே அந்த இடத்தில் 'சொல்லத் தகாதன' என்று மட்டும் எழுதியிருக்கும். அதை வைத்துத்தான் விசாரணை, அதை வைத்துத்தான் தீர்ப்பு. இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. ஆனால் மூன்று தலைமுறையாக அது யாருக்கும் உறுத்தவில்லை.

"இப்படி எத்தனை பேர் நாக்கைச் சுட்டிருக்கீங்க?"

"பத்தொன்பது."

"அதுல ஒருத்தர் சொன்னதாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது அம்மா."

அம்மை கீரையைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டுத் திருமேனி பார்த்ததில்லை. அன்று பார்த்தார்.

"காதுல விழாத பேச்சுக்கு எல்லை கேட்டு வந்திருக்கீங்க. எந்திரிச்சுப் போங்க. முதல்ல கேளுங்க."

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. ஏரிக்கரையடியில் இருந்த கீழத்தெருவே திரண்டு வந்திருந்தது. அரசர் மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுத்தர் ஓலையைப் பிரித்தார்.

"உப்பு விற்கும் அன்னக்கொடி சந்தையில் நின்று சொன்னது, சொல்லத் தகாதன."

"அது என்னன்னு படியும்," என்றார் திருமேனி.

எழுத்தர் கும்பிட்டார். "ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன். இதுல எழுதவும் இல்லை."

திருமேனி ஆசனத்தைவிட்டு இறங்கி அன்னக்கொடியிடம் போனார்.

"நீ என்னம்மா சொன்ன?"

"மறுபடி சொன்னா இன்னொரு சூடும் சேத்துப் போடுவாங்களே சாமி."

"சபைக்குச் சொல்ல வேண்டாம். என் காதுல சொல்லு."

அவள் சொன்னாள். திருமேனி நிமிர்ந்து, சபையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏரிக்கரை பிளந்து கிடக்கு. அதை அடைக்க வெட்டின கல்லெல்லாம் அரசரோட குளத்துக்குப் படிக்கட்டாப் போயிடுச்சு. இந்த மழைக்குக் கீழத்தெரு நிக்காது."

யாரும் கத்தவில்லை. யாரும் கல் எடுக்கவில்லை. கீழத்தெருக்காரி ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அரசர் மட்டும் எழுந்து நின்றார். பாதி வாள் உறைக்கு வெளியே வந்திருந்தது.

திருமேனி எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"இப்ப எழுதும். சபை முழுக்கக் கேட்டது. ஆயுதத்துல கை வச்சவர் ஒருத்தர். அது அன்னக்கொடி இல்லை. அவளை விடுங்க."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் அரசரால் தீர்ப்பை மாற்ற முடியவில்லை. அன்னக்கொடி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் திருமேனியின் பதவி பறிபோனது. சபையில் சொல்லத் தகாதன சொன்னதாக அவர்மீதே வழக்கும் வந்தது.

அடுத்த நாள் காலையில் அவர் மறுபடி குடிசைக்கு வந்தார்.

"அரசர் ஆள் அனுப்பினார் அம்மா. 'வாய் தவறிச் சொல்லிட்டேன், அதெல்லாம் பொய்'னு சபையில ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். விட்டுடுவாராம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. சூடு எப்படி வலிக்கும்னு நான் பத்தொன்பது தடவை பக்கத்துல நின்னு பார்த்தவன்."

"எனக்கும் உங்களை நினைச்சா பயமாத்தான் இருக்கு," என்றார் அம்மை. "கரை எப்படி இருக்கு?"

"இப்பதான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். ஆள் நுழையற அளவு பிளந்திருக்கு. அவ சொன்னதுல ஒரு எழுத்துப் பொய் இல்லை."

"உங்க ஆசனத்துல யாரு உக்காரப் போறா?"

"செவ்வந்தியப்பன். நல்ல மனுஷன்தான். என் வழக்கும் அவர்கிட்டதான் வரும். நேத்து ஊர்ல இல்லை, சபைக்கு வரலை."

"அப்போ அவர் இன்னும் கேக்கலை," என்றார் அம்மை. "போய்ச் சொல்லுங்க. நேத்தைவிடச் சத்தமா."